மிச்சம் யாரு வயித்துல?

மருமகனே, இல்லாதவன் பட்டினி கெடந்தா ஊருல ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். இருக்கிறவன் ஒரு வேளை திங்காம இருந்துட்டாப் போதும், பொழுது சாயுறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சேதி போயிரும். இப்ப நீயும் தினமும் 16 மணி நேரம் வயித்தைக் காயப்போடுறதாக் கேள்வி. அதை எண்ணிச் சொல்றதுக்கு போனுக்குள்ள ஒரு கடிகாரம் வேற ஓடுதாம். ஓடட்டும். ஒடம்பு எளைச்சா நல்லதுதான். ஒன் வயசுல நானும் அத்தனை மணி நேரம் திங்காம இருந்தவன்தான். கடிகாரம் இல்லாததால வெளிய தெரியாமப் போச்சு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். காலம்பற நீ திங்காம விட்ட நாலு இட்லி இருக்கே, அது யாரு வயித்துக்குப் போச்சு?

சிரிக்காதப்பா. நான் ஆளை எடைபோடுறதே இந்தக் கேள்வியை வச்சுத்தான். அதை விட்டுட்டேன், இதைக் குறைச்சுட்டேன்னு எவன் வந்து நெஞ்சை நிமித்தினாலும், ‘சரிப்பா, விட்டது எங்க?’ன்னு கேப்பேன். பாதிப்பேரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவான்.

நம்ம மேலத்தெருவுல ஒரு புண்ணியவான் இருந்தாரு. பேரு வேண்டாம், பேரன் பேத்தி எடுத்த குடும்பம். எச்சக் கையால காக்கா ஓட்டாத ஆளு. தோட்டம், கெணறு, கருசக்காட்டுல பருத்தி, தொழு நெறைய மாடு. பாலு பூராவும் சொசைட்டிக்குப் போயிரும். வீட்டுல கருப்பட்டிக் காப்பிதான், அதுலயும் கருப்பட்டியைத் தண்ணியில ஒரு முங்கு முக்கிட்டு எடுத்து மறுநாளைக்கு வச்சுக்கிடுவாரு. ஒரே ஒரு துண்டு, அதையே கட்டிக் குளிச்சு அதையே ஒணத்திக் கட்டிக்கிடுவாரு. ஊருக்குப் புதுசா வந்த வாத்தியாரு அவரைப் பாத்துட்டு, ‘ஆகா, காந்தியைப் போல எளிமை’ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. காந்தி பாவம், அதைக் கேக்க உசிரோட இல்ல.

அந்த மனுசன் தன் நாக்கை மட்டும் கட்டிப்போட்டிருந்தா நான் ஏன் வாயைத் தெறக்கப் போறேன்? தானும் திங்க மாட்டாரு, பொஞ்சாதி பிள்ளைகளையும் திங்க விட மாட்டாரு. பிள்ளைக பக்கத்து வீட்டுக் கொல்லையில நின்னு தாளிக்கிற வாசத்தை மோந்துட்டு வரும். அம்பது வருசம் அப்பிடிச் சேத்து வச்சுட்டுப் போய்ச் சேந்தாரு. மச்சைத் தெறந்து பாத்தா மூடை மூடையா உளுந்து, பாதி வண்டு அரிச்சுக் கெடக்கு. எலி ஒவ்வொண்ணும் பூனைக்குட்டி கணக்கா இருந்துச்சு. அவரு வாயைக் கட்டுனது எலிக்குப் போச்சு, மருமகனே. எலியும் உசிருதான், எனக்கு அதுல வருத்தமில்ல. ஆனா பதினாறாம் நாளு விசேசத்துக்கு ஒரு எலி கூட வரலையே.

ஒங்க அத்தைமாரு இருக்கிற ஒருபொழுது ஒரு தனிக் கதை. சோறு மட்டுந்தான் ஆகாது. இட்லி ஆகும், உப்புமா ஆகும், பலகாரம் ஆகும், பாலும் பழமும் ஆகும். மத்த நாள்ல மூணு வேளைக்கு அரைக்கிற மாவை அன்னைக்கு ஒரு வேளைக்கே அரைக்கணும். புரட்டாசி மாசம் பாரு, கசாப்புக் கடைக்காரரு ஈயோட்டிக்கிட்டு இருப்பாரு. நாமக்கல்லுல முட்டை விலை எறங்கிப் போகும். ஒரு மாசம் கோழிகளுக்குத்தான் வெளிச்சம். ஆனா புரட்டாசி முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை கடை வாசல்ல நிக்கிற வரிசையைப் பாத்தா, விட்ட பாக்கியை வட்டியோட வசூல் பண்ண வந்த கூட்டம்னுதான் தோணும். இவுக விரதம் இருந்ததுல ஒரு கோழியும் தப்பிக்கல. சாவுக்கு ஒரு மாசம் வாய்தா வாங்கிச்சு, அவ்வளவுதான்.

வெளையாட்டு இருக்கட்டும், இதுல வெவரமானவுகளும் உண்டு. நம்ம பாய் வீட்டுல ரம்ஜானுக்கு முப்பது நாளு நோன்பு வைக்கிறாங்க. பெருநாள் தொழுகைக்குப் போறதுக்கு முன்னால வீட்டுல இருக்கிற ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு தானியம்னு கணக்குப் போட்டு, இல்லாதவனுக்கு ஃபித்ரா குடுத்தாகணும். தொட்டில்ல கெடக்கிற பச்சப்பிள்ளைக்கும் சேத்து. நாளெல்லாம் கெடந்த பசிக்கு ரசீது மாதிரி அது. பள்ளிவாசல்ல காய்ச்சுற நோன்புக் கஞ்சிக்கு நான் தூக்குவாளியோட போய் நின்னிருக்கேன். நீ நோன்பான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அதே மாதிரி, நம்ம பக்கத்துக் கிறிஸ்தவப் பொம்பளைக சோத்துக்கு அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்துல போட்டு, சர்ச்சுல கொண்டுபோய்ச் சேப்பாங்க. பிடியரிசிக் கலயத்துக்குள்ள போனது எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். வடலூர்ல வள்ளலாரு 1867-ல பத்தவச்ச தருமசாலை அடுப்பு இன்னும் அணையாம எரியுதே, அதுவும் இப்பிடி ஊரு ஊரா வந்த அரிசியிலதான். அந்த மனுசன் தான் கொஞ்சமாத் தின்னுட்டு, ஊரை நெறையத் திங்க வச்சாரு. மேலத்தெரு புண்ணியவானும் கொஞ்சமாத்தான் தின்னாரு. பாத்தியா, தட்டு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு.

இதுவரைக்கும் தன் வயித்தைக் கட்டுனவன் கதை. அடுத்தவன் வயித்தைக் கட்டுனவன் கதைதான் பெருசு. அதுக்குப் பெரிய மனுசத்தனம் வேணும், கையெழுத்து வேணும், தராசு வேணும். தாது வருசப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்ப. 1876-ல மழை பொய்ச்சுப் போச்சு. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலம். அப்ப இங்கிலீஸ்காரன்ல ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு தொரை இருந்தாரு. அவரைப் பத்தி ஒரு நியாயத்தை முதல்ல சொல்லிரணும். அதுக்கு ரெண்டு மூணு வருசத்துக்கு முன்னால பீகார்ல பஞ்சம் வந்தப்ப, இதே தொரை பர்மாவுல இருந்து கப்பல் கப்பலா அரிசி எறக்கி ஊத்துனாரு. சாவு ரொம்பக் கொறைச்சல். நல்ல காரியந்தானே? லண்டன்ல என்ன பண்ணினாங்க தெரியுமா, புடிச்சுத் திட்டுனாங்க. இத்தனை பணத்தை ஏன் வாரி எறைச்ச, சனத்தைச் சோம்பேறி ஆக்கிட்டயேன்னு. ஆளுகளைச் சாகவிடாம வச்சதுக்கு வசவு வாங்குன முதல் ஆளு அவராத்தான் இருக்கும்.

வாங்குன வசவு வேலை செஞ்சுது. 1877 ஜனவரியில அவரை மெட்ராசுக்கு அனுப்புனாங்க, இங்க எங்கெங்க செலவைக் குறைக்கலாம்னு பாத்துட்டு வான்னு. வந்தாரு, பாத்தாரு, நாளெல்லாம் மண்ணு வெட்டுற ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும்னு எழுதுனாரு. ஒரு பவுண்டுன்னா இப்பக் கணக்குல 450 கிராம். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கல்லு சுமக்கணும், ரோடு போடணும், கால்வாய் வெட்டணும். சென்னையில கூவத்தையும் அடையாத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்த் துண்டு இருக்கே, அது அந்தப் பஞ்சத்துல வெட்டுனதுதான். நீ ஆபீசுக்குப் போற வழியில மூக்கைப் பொத்திக்கிட்டுப் போவியே, அதேதான்.

மெட்ராசுல கார்னிஷ்னு ஒரு டாக்டர் தொரை, சுகாதாரக் கமிசனரு. இவரு குதிச்சாரு. ஜெயில்ல கெடக்கிறவனுக்கே இதைவிட நெறைய அளக்குறோமே, இதைத் தின்னு ஒருத்தன் எப்பிடி வேலை செய்வான்னு கணக்கோட சண்டை போட்டாரு. டெம்பிள் தொரை விடல. இது ஒரு பரிச்சை, பாத்துருவோம்னாரு. பரிச்சை எழுதுனது யாரு, தாள் திருத்துனது யாருன்னு மட்டும் நீ கேக்கணும். தொரை ஒரே ஒரு வாரம், ஒரே வாரம் மருமகனே, அந்த ஒரு பவுண்டைத் தின்னுட்டு மம்பட்டி புடிச்சிருந்தாருன்னா நான் அவருக்கு ஒருபொழுது இருந்த பலனைக் குடுத்திருப்பேன். சில மாசங் கழிச்சு மெட்ராஸ் சர்க்காரு வேற வழியில்லாம அளவைக் கூட்டுச்சு. அதுக்குள்ள சுடுகாட்டுக்குப் போனவன் போயிட்டான்.

அதே 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில தர்பாரு. விக்டோரியா ராணி இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினி ஆயிட்டாங்கன்னு லிட்டன் பிரபு பந்தல் போட்டு அறிவிக்கிறாரு. ராசாக்களுக்கெல்லாம் நாள்கணக்குல விருந்து. இங்க கஞ்சித்தொட்டி, அங்க பந்தி. ரயிலு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, தானியமும் இந்தத் தேசத்துல இருந்து கப்பலேறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. விலை எங்க கூடவோ அங்க அது போகும், அதுக்குக் குறுக்க சர்க்காரு வரக்கூடாதுங்கிறது தொரைமாரு வேதம். நம்ம சனத்துக்கு விலை குடுக்க வக்கில்ல, அதனால அது நின்னு பாக்காமப் போயிருச்சு. தெக்கேயும் தக்காணத்துலயும் அந்த ரெண்டு மூணு வருசத்துல செத்தது அம்பது லட்சத்துக்கு மேல. தப்பிச்சவன்ல பலபேரு கண்டிச்சீமைக்குக் காப்பித் தோட்டத்துக்கு நடையைக் கட்டுனாங்க. இப்பக் கேளு என் கேள்வியை: அந்தச் சனம் திங்காத மிச்சம் யாரு வயித்துல? இதுக்கு மட்டும் பதிலு எலி இல்ல.

சோம்பேறின்னு ஒரு வார்த்தை வந்துச்சு பாத்தியா, அதைக் கொஞ்சம் புடிச்சு வச்சுக்க. சோறு போட்டா சனம் சோம்பேறி ஆயிரும்னு கவலைப்பட்டவன் எவனாவது வெறும் வயித்தோட கவலைப்பட்டதை நீ பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல. 1956-ல காமராசரு நம்ம எட்டையபுரத்துல வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதிய உணவைத் தொடங்கி வச்சாரு. பாரதி பொறந்த மண்ணுன்னு தேடி வந்தாரு. மொத மொதல்ல அது ஊருக்காரங்க குடுத்த தானியத்துல, காய்கறியிலதான் ஓடுச்சு. 1982-ல எம்ஜியாரு அதைச் சத்துணவாப் பெருசாக்குனாரு, 1989-ல கலைஞரு முட்டை சேத்தாரு, 2022-ல மதுரையில காலைச் சாப்பாடும் ஆரம்பிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் டீக்கடை பெஞ்சுல ஒருத்தன் வடையைக் கடிச்சுக்கிட்டே, ‘இப்பிடி ஓசியில போட்டா நாடு உருப்படுமா’ம்பான். டெம்பிள் தொரைக்குப் பிள்ளைகுட்டி நம்ம ஊருல எப்பிடி வந்துச்சுன்னு நானும் யோசிச்சிருக்கேன். கேட்டா, ‘நாங்கல்லாம் பட்டினி கெடந்து படிச்சோம்’பான். கெடந்தது நெசந்தான். தான் பட்ட பசியை அடுத்த தலைமுறைக்குச் சீதனமாக் குடுத்தே தீருவேன்னு நிக்கிறானே, அதுதான் எனக்கு விளங்கல. கடனைக்கூட அப்பன் பிள்ளைக்கு வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் விட்டுட்டுப் போவான்.

எல்லாப் பெரிய மனுசனும் அப்பிடின்னு சொல்ல மாட்டேன். 1965-ல லால் பகதூர் சாஸ்திரி, தேசத்துல தானியம் தட்டுப்பாடு, வாரத்துல ஒரு வேளை விடுங்கன்னு கேட்டாரு. திங்கக்கிழமை ராத்திரி ஓட்டலு அடைச்சான். ஊருக்குச் சொல்றதுக்கு முன்னால தன் வீட்டுல பண்ணிப் பாத்தாருன்னு சொல்வாங்க. அமெரிக்கா கப்பல்ல வர்ற கோதுமைக்குக் கையேந்துற நேரம். விட்ட வேளை எதுக்குன்னு சின்னப்பிள்ளைக்கும் தெரிஞ்சுது. நம்ம கருசக்காட்டுச் சம்சாரிக மட்டும் கொஞ்சம் முழிச்சாங்க, ராத்திரிச் சாப்பாட்டை வாரத்துல எத்தனை நாளு விடுறதுன்னு.

கெட்டியான வித்தை எதுன்னா, அடுத்தவனுக்கு இல்லைங்கிறதை வழக்கம்னு சொல்லிர்றது. அதுக்குக் கையெழுத்தும் வேண்டாம், தராசும் வேண்டாம். இந்தக் கெணத்துல நீ எறைக்கக் கூடாது. ஏன்? வழக்கம். டீக்கடையில ஒனக்குத் தனிக் கிளாசு. ஏன்? வழக்கம். இங்க பக்கத்துல கமுதியில, 1897-ல ஒரு கூட்டம் கோயிலுக்குள்ள போய்ச் சாமி கும்பிட்டுட்டாங்கன்னு கேசு போட்டாங்க. கேசு கீழ்க்கோர்ட்டு, ஐக்கோர்ட்டுன்னு ஏறி, கப்பலேறி லண்டன் பிரிவி கவுன்சிலுக்கே போச்சு. 1908-ல உள்ள விடக் கூடாதுன்னு தீர்ப்பு. யோசிச்சுப் பாரு, கமுதியில இருக்கிற மீனாட்சி சொக்கநாதரை யாரு பாக்கலாம்னு கடலுக்கு அப்பால கோட்டு போட்ட வெள்ளைக்காரன் சொல்றான். சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு நம்ம சொலவடை. பூசாரி லண்டன்ல இருப்பான்னு சொலவடை கட்டுனவனுக்கே தெரியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள 1939 ஜூலையில வைத்தியநாதய்யரு, அதே வழக்கம் சொல்லி வெளிய நிறுத்தி வச்சிருந்த கக்கனையும் மத்தவங்களையும் கூட்டிட்டுப் போனாரு. போன பிறகு மீனாட்சி எந்திரிச்சு வெளிய போயிட்டாளா? அங்கனதான் இருக்கா. உண்டியலும் முன்னை விட நெறையுது.

வைக்கப்போர்ல படுத்த நாயாட்டம் காவல் காத்தவங்க பாட்டைச் சொல்லணும். அடுத்தவன் கெணத்துப்பக்கம் வந்துருவானோன்னு ராவும் பகலும் பாத்துக்கிட்டே இருக்கணும். வயலுக்குப் போகணும், முடியாது. கல்யாண வீட்டுக்குப் போகணும், முடியாது. ஒருத்தனைத் தாகத்தோட நிக்க வைக்கிறதுக்கு நாலு பேரு பொழப்பு கெட்டு நிக்கணும். அப்பிடிக் காத்த கெணத்தை இப்பப் போய்ப் பாரு. ஊரே போர் போட்டு ஆயிரம் அடிக்குக் கீழ போயிட்டான், கெணத்துல தவளை கூட இல்ல. தகராறு பண்ணுன குடும்பம், தடுத்த குடும்பம் ரெண்டும் ஒரே கேன் தண்ணி வண்டிக்காரன்கிட்ட ஒரே விலைக்கு வாங்குது. வண்டிக்காரன் வழக்கம் கேக்க மாட்டான், சில்லறை மட்டுந்தான் கேப்பான்.

நீ பையில கம்பு, குதிரைவாலி, தினைன்னு பாக்கெட்டு பாக்கெட்டா வாங்கிட்டு வந்திருக்கியே, அதை ஒங்க அத்தை பாத்துட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே! எங்களுக்கு நெல்லுச் சோறுங்கிறது தீவாளி, பொங்கல், இல்லேன்னா யாராவது காய்ச்சல்ல படுத்தாத்தான். நெல்லுச் சோறு திங்கணும்னே காய்ச்சல் வந்த பயலுக உண்டு. கம்மங்கஞ்சியில இருந்து தப்பிக்கத்தான் ஒன்னைப் படிக்க வச்சோம்; நீ படிச்சு, வேலைக்குப் போயி, சம்பளம் வாங்கி, அதே கம்பை நெல்லரிசியை விடக் கூட விலை குடுத்து வாங்கிட்டு வந்து நிக்கிற. 2023-ஐச் சிறுதானிய வருசம்னு ஐக்கிய நாடுகள் சபையே அறிவிச்சுருச்சாமே. எங்களுக்கு அது வருசாவருசம் இருந்துச்சு, ஒரு சபையும் கண்டுக்கல. வேணும்னு திங்கிறதும் வேற வழியில்லாமத் திங்கிறதும் ஒரே கஞ்சிதான், ஆனா முதல் ஆளு போட்டோ புடிப்பான், ரெண்டாவது ஆளு சட்டியை வழிப்பான்.

ஒங்க அத்தை பேச்சு வந்ததால இதையும் சொல்லிர்றேன். நம்ம வீடுகள்ல பொம்பளைக கடைசியிலதான் சாப்பிடணும்னு ஒரு ஏற்பாடு. ஆம்பளைக, பிள்ளைக, விருந்தாளு, நாயி, அப்புறம் அவுக. குழம்புச் சட்டியில சோத்தைப் போட்டுப் பெரட்டித் தின்னுட்டு எந்திரிச்சுருவாங்க. இதைத் தியாகம், தாய்மைன்னு மேடையில பேசுவான், கைதட்டுவான். கேட்டுக்கிட்டு இருக்கிற ஒருத்தனும் அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போயி, ‘இன்னைக்கு நீ முதல்ல உக்காரு’ன்னு சொல்ல மாட்டான். தியாகம்னு பேரு வச்சுட்டா பங்கு குடுக்க வேண்டாம், பாராட்டுனாப் போதும். இது தொரைமாருக்குத் தோணாத யோசனை. தெரிஞ்சிருந்தா அந்த ஒரு பவுண்டுல பாதியைக் குறைச்சுட்டு மிச்சத்துக்கு மெடலு குத்தியிருப்பாங்க.

ஆனா நீ ஒங்க அத்தையைப் பத்திப் பரிதாபப்பட வேண்டாம். அடுக்களை மூலையில அடுக்குப்பானை இருக்கா, கீழ இருந்து மேல வரைக்கும் எண்ணு. அதுல மூணாவது பானையில பருப்பும் கெடையாது, புளியும் கெடையாது. கல்யாணம் ஆகி வந்த வருசத்துல இருந்து அதை என்னைத் தெறக்க விட்டதில்ல. அவ மாமியா, எங்க ஆத்தா, கண்ணு குருடாகுற வரைக்கும் அதைத் தேடுனா, கெடைக்கல. வறுத்த நெய்மீனு துண்டு, அதிரசம், கருவாடு, ஒரு தடவை முழுசா ஒரு கோழிக்கால். எல்லாரும் தின்னு ஏப்பம் விட்டுத் திண்ணைக்குப் போன பிறகு அங்க ஒரு பந்தி நடக்கும். ரெண்டு சின்ன மக்களுக்கும் அதுல பங்கு உண்டு, எனக்குத்தான் இல்ல. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியும். நான் ஒருநாளும் கேட்டதில்ல. கேக்காம இருந்ததாலதான் இன்னைக்கு வரைக்கும் குழம்புல மீன் தலை என் தட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கு. நீயும் கேட்டுறாத. கேட்டேன்னா ஒனக்குத் தெரிஞ்சதுக்கு நான்தான் காரணம்னு கண்டுபுடிச்சுருவா, அப்புறம் எனக்கும் ஒன்னை மாதிரி 16 மணி நேரந்தான்.